தங்கைக்கு மூன்று வாரம்

அக்காவுக்கு ஐஸ் தொழிற்சாலை. தங்கைக்கு அதே தெருக்கோடியில் அச்சகம். கரண்ட் போனால் இரண்டு இடத்திலும் டீசல் இன்ஜின்தான் ஓடும். அந்தப் புகைக்கு அனுமதி வாங்கவேண்டும் என்று நோட்டீஸ் வந்ததும் இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். தங்கைக்கு மூன்றே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. அக்காவின் விண்ணப்பம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது.

"சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேளேன்," என்றார் கணவர்.

"அவ யாரைப் பிடிச்சு வாங்கினாளோ!"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இவள் ஒரு மாதம் முட்டியைத் தேய்த்துக் கற்ற சைக்கிளைத் தங்கை ஒரே சாயங்காலத்தில் ஓட்டிவிட்டாள்.

மறுநாள் அக்கா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"என் தங்கச்சிக்கு மட்டும் எப்படிங்க உடனே கிடைச்சுது?"

அங்கிருந்த பெண் பொறியாளர் கோபப்படவில்லை. இவளுடைய படிவத்தைத் திருப்பி வைத்தார்.

"வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்னு கேட்டோம். 'தேவைப்படும்போது'ன்னு எழுதினீங்க. திருப்பி அனுப்பினா, 'தேவைப்பட்டால் மட்டும்'னு திருத்தியிருக்கீங்க. உங்க தங்கச்சி ஆறு மாசமா ஓடின நேரத்தை நோட்டுல குறிச்சுக் கொண்டுவந்தாங்க."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் தங்கைக்குப் போன் செய்தாள். பத்தே நிமிடத்தில் வந்தவள், டார்ச்சோடு இன்ஜினுக்குப் பின்னால் நுழைந்து, கரி படிந்த விவரத் தகட்டைத் துணியால் துடைத்தாள்.

"அக்கா, நூத்தி இருபத்தஞ்சு குதிரைத்திறன்னு எழுதியிருக்க. இதுல நூத்தி அறுபது போட்டிருக்கே?"

அக்கா எழுதியது, முன்பு இருந்த பழைய இன்ஜினின் கணக்கு. இந்தத் திறனுக்குப் புகைக்குழாயையும் உயர்த்தவேண்டியிருக்கும் என்றாள் தங்கை.

"சின்னம்மா கெட்டிக்காரங்க," என்றார் கூட நின்ற மெக்கானிக். அக்காவுக்குச் சுருக்கென்றது. இவருக்குச் சம்பளம் கொடுப்பது யாராம்?

மெக்கானிக் நகர்ந்ததும் தங்கை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நோட்டு எழுத எனக்கு நேரம் இருந்துச்சுக்கா. பிரஸ்ல வேலை எங்க இருக்கு? உன் இன்ஜின் சத்தம் கேட்கிறப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உண்மையைச் சொன்னால் அதுதான். அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. தன் ரசீதுப் புத்தகங்களை இத்தனை வருஷமாக வேண்டுமென்றே வேறொரு அச்சகத்தில் அடிக்கக் கொடுத்துவந்தவள் அவள்.

ஓடும் நேரத்தை இருவருமாகக் கணக்கிட்டு எழுதினார்கள். குழாயை உயர்த்தி, புதிய படிவம் கொடுத்ததும் ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. அன்றே தங்கையைக் கூப்பிட்டாள்.

"ரசீதுப் புத்தகம் அடிக்கணும். நீ அடிச்சுத் தர்றியா?"

"எத்தனைக்கா?" என்றாள் தங்கை. நோட்டைப் பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது.

ஒரு வாரத்துக்குள் புத்தகங்கள் வந்தன. பழைய அச்சகத்துக்காரர் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை.

"எழுத்தைப் பாரேன், என்ன அழகு!" என்றார் கணவர்.

"பரவாயில்ல," என்றாள் அக்கா. அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை.