மூன்றாவது மூடி

சிவமலர் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தபோது, வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் துவாயோடு நின்றார்கள். சுடலைக்குப் போய் வந்தவர்கள் தலை முழுகாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஊரென்றால் கிணற்றடி இருக்கும். சுவிஸில், டீட்டிகோனின் இந்தச் சின்ன வீட்டில் இருப்பது ஒரேயொரு குளியலறை. யன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்து வழிந்தது. பிழிந்த வேட்டிகளும் சேலைகளும் கதிரை முதுகிலும் கதவிலும் படிக்கட்டுக் கைபிடியிலும் தொங்கின.

காலையில்தான் அவளுடைய கணவர் உருத்திரமூர்த்தியை எரிக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். காலமெல்லாம் கட்டட வேலையில் சீமெந்து சுமந்த மனுசன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

சிவமலரின் அண்ணன் இராஜேந்திரன் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தார். கையில் ஒரு தடி.

"வீடு முழுக்க ஈரவாடை பிள்ளை. அந்தச் சுவரடி ஓட்டையளை ஏன் மூடி வைச்சிருக்கிறியள்? ஆடி வெயில் இப்பிடி எறிக்குது, காத்தை அடைக்கிறதோ? மூண்டு மூடியையும் குத்தி உள்ளுக்குத் தள்ளிவிட்டன். இனிக் காயும்."

சிவமலரின் கை துவாயோடு நின்றது. "தள்ளிவிட்டியளோ?"

"ஓம். ஏன்?"

வீட்டின் பின்பாதிக்கு நிலவறை கிடையாது. மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம்தான். அங்கே ஈரம் ஏறி, பலகையில் பூஞ்சணம் பிடித்து, அவளுக்குத் தொய்வு வந்தது. மூச்சு இழுத்து இழுத்து இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள். அதன்பிறகு உருத்திரமூர்த்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கத் தொடங்கினார். மண்மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்தார். காற்றுத் துவாரங்களுக்கு உள்பக்கமாக மூடி செய்தார். ஒருநாள் குளிர்ப்பெட்டியிலிருந்து சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்து, அதில் முத்து முத்தாய் நீர் பூப்பதைக் காட்டினார்.

"வெக்கைக் காத்து கீழ போனா எங்கட பலகைக்கும் இதுதான் நடக்கும். கோடையில மூடி வைக்க வேணும், குளிர் வரேக்க திறக்க வேணும்."

அவளுக்கு அது பாதிதான் விளங்கியது. கிடைக்கிற ஒரு ஞாயிறும் இந்த மனுசன் தன்னோடு இருக்கமாட்டார் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

மகள் யாதவி தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா இருக்குமட்டும் பாத்தார். இனி இதுகளை ஆர் பாக்கிறது? எட்டாம் நாள் செலவு முடிய என்னோட ஷாஃப்ஹவுசனுக்கு வாங்கோ அம்மா. இந்த ஈர வீட்டில உங்களைத் தனிய விடேலாது. வித்திடுவம்."

சிவமலர் தேத்தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள். "டோர்ச் எங்க கிடக்கு?"

"இப்ப என்னத்துக்கு?"

"மூடியள் உள்ளுக்கு விழுந்திட்டுது. இறங்கித்தான் போட வேணும்."

"நில் பிள்ளை, நான் செய்த வேலை, நான் போறன்" என்றார் இராஜேந்திரன்.

"உங்கட வண்டி வயிறு அந்த வாசலுக்குள்ள போகாது அண்ணை."

குளிக்க நின்றவர்களில் யாரோ சிரித்து, செத்தவீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

படிக்கட்டின் கீழிருந்த பலகையைத் தூக்கி, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினாள். பிளாஸ்டிக் குளிர்ந்து கிடந்தது. முதல் துவாரத்தடியில் அதன்மேல் முத்து முத்தாய் நீர் பூக்கத் தொடங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மூடியை வைத்து அழுத்தினாள். இரண்டாவதையும் போட்டாள்.

மூன்றாவது, அவர்களுடைய படுக்கையறைக்கு நேர் கீழே. அங்கே ஒரு கம்பளத் துண்டு விரித்திருந்தது. கட்டிலடியில் கிடந்து பழசாகி, எறியச் சொல்லி அவள் கொடுத்தது. முழங்கையும் முழங்காலும் ஊன்றுகிற இடத்தில் தேய்ந்து நூல் தெரிந்தது. அதன்மேல் படுத்து மூடிக்குக் கை நீட்டினாள். மேலே கதைப்பதெல்லாம் காதுக்குள் கதைப்பதுபோலக் கேட்டது. யாரோ சீனி காணாது என்றார்கள். கட்டில் கிறீச்சிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கட்டிலில் கிடந்து இருமுவாள். அப்போதெல்லாம் கீழே சுத்தியல் சத்தம் நிற்கும். இருமல் அடங்கிக் கொஞ்ச நேரம் போனபிறகு மறுபடி தொடங்கும். களைப்பாறுகிறார் என்று நினைத்திருந்தாள்.

மூடியை அழுத்தியபோது சுவர்த்தூசு முகத்தில் கொட்டியது. இருமினாள். மறுபடியும் இருமினாள்.

மேலே அறைக்குள் நடந்துகொண்டிருந்த காலடி நின்றது.

"அம்மா?" யாதவியின் குரல்.

"ஒண்டுமில்லை. தூசு." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "குளிர் தொடங்கேக்க இதுகளைத் திறக்க வேணும் பிள்ளை. ரெலிபோன் எடுத்து ஞாபகப்படுத்து."

பிறகு, "ஆர் திறக்கிறது?"

"நான்தான்."

சிவமலர் டோர்ச்சை அணைத்துவிட்டுக் கம்பளத்தில் கன்னத்தை வைத்தாள். இருமல் திரும்பவும் வந்தது. அது முழுதாக அடங்கும்வரை மேலே அந்தக் கால்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.