மூன்றாவது தடவை எழுதிய கொள்கை

பவானேஸ்வரி டீச்சருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு, சனிக்கிழமை. மற்ற ஆறும் சும்மா நாள்காட்டியில் கிடப்பவை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சிங்கப்பூரில், தீபாவளிக்குத் தீபாவளி தலை காட்டுவான். புக்கிட் பெருவாங் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவது டிவி மட்டும்தான்.

சனிக்கிழமையானால் உஷாராணி வருவாள். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரி வேலைக்கு மனு போடுகிறாள். கூடவே, தான் ஏன் கற்பிக்கிறோம், எப்படிக் கற்பிக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் கற்பித்தல் கொள்கை எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவர் டீச்சர்.

இன்று கொண்டு வந்தது மூன்றாவது தடவை எழுதிய பக்கம். மனு அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். வடையும் டீயும் வைத்துவிட்டு, டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ‘மாணவர் மையக் கல்வியின் வாயிலாக முழுமையான மனிதவளத்தை...’ ஐயோ சாமி! கல்வி இலாகா சர்க்குலர் கெட்டது போங்கள்.

“மேசைக்கடியில உட்கார்ந்த பிள்ளை எங்கம்மா?”

“எடுத்துட்டேன் டீச்சர். நீங்கதானே போன வாரம், இதுல உயிரே இல்ல, முழுசா மாத்துன்னு சொன்னீங்க? பழச கிழிச்சுப் போட்டுட்டேன்.”

டீச்சர் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். போன வாரத்துப் பக்கத்தில் உயிர் கொட்டிக் கிடந்தது. தேவிஸ்ரீ என்ற பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். உஷாவும் புத்தகத்தோடு உள்ளே புகுந்துவிட்டாளாம். அங்கேதான் பிள்ளை முதன்முதலாக வாய்விட்டு வாசித்தது. படித்ததும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘நல்லாருக்கு, கொடுத்துடு’ என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தச் சனிக்கிழமை யார் வருவார்? பாவி மனசு, அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்துவிட்டது.

“பேனா எடு உஷா. நான் சொல்றேன், எழுது.”

வரிக்கு வரி நினைவிருந்தது. வாரம் முழுக்க அதைத்தானே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பேச வேறு யார் இருக்கிறார்கள்? ‘பிள்ளை மேசைக்கடியில் இருந்தால் பாடமும் மேசைக்கடியில்தான் நடக்க வேண்டும்’ என்று கடைசி வரியைச் சொல்லி முடித்தார்.

உஷா நிமிர்ந்தாள். “இது அப்படியே நான் எழுதுனதுதானே டீச்சர்? ஒண்ணுமே மாத்தலையே?”

“மாத்த ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கே நல்லாத்தான் இருந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னு சொன்னா நீ வரமாட்டியேன்னு...”

உஷா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

“எனக்குப் பாடம் நடத்தவே தெரியலையோன்னு இந்த வாரம் பூரா அழுதேன் டீச்சர். வான்னு ஒரு போன் போட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேன்லா.”

டீச்சர் வாசல்வரை கூடவே போனார். உஷா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். ‘போயிட்டு வரேன்’ என்ற வார்த்தைக்காக டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போறேன் டீச்சர்,” என்றாள் உஷா.