நடுக்குமிழ்

1

இந்தக் கதை என் சமையலறை அலமாரியில் பிறந்தது. மேல்மாடியில் ஒருத்தி பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தால் போதும், என் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முணுமுணுக்கும். முதலில் அவற்றுக்கு நடுவே துணிகளைச் செருகினேன். அதற்கும் அடங்கவில்லை. சண்டை போட்டே தீருவது என்று படியேறினேன். பாதி வழியில் எதிரே ஒரு கறுப்புப் பெட்டி இறங்கி வந்தது. பீரோவில் பாதி இருக்கும். அதற்குப் பின்னாலிருந்து இரண்டு பெண் குரல்கள், "மெதுவா, மெதுவா" என்றன. ஒதுங்க இடமில்லை. நானும் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கி, வாசல் கதவைத் திறந்துவிட்டு, "வேற ஏதாவது தூக்கணுமா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

சண்டைக்குப் போனவன் சுமைதூக்கியாகத் திரும்பி வந்தேன். அந்தக் கோபம் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இது:

மாலை வெயில் மாடிப்படிகளில் தேனாய் வழிந்துகொண்டிருந்த வேளையில், நாதத்தின் கருவறையிலிருந்து

நிறுத்திவிட்டேன். எங்கள் மாடிப்படிக்கு ஜன்னலே கிடையாது. ஆனாலும் வரி அழகாக இருக்கிறது, இல்லையா? தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓரமாக இருக்கட்டும், எங்கேயாவது செருகிக்கொள்ளலாம்.

2

வாசிப்பவளை அவளுடைய மெல்லிசைக் குழுவில் எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறையில் அக்காவின் தையல் மிஷின் ஒரு பக்கம், தங்கச்சியின் ஆம்ப்* இன்னொரு பக்கம். நடுவில் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கொஞ்சம் இடம்.

* தெரியாதவர்களுக்காக: பாட்டுக்கு அடித்தளமாகக் கனத்த ஒலி தருவது பேஸ் கிட்டார். ஆனால் அதைத் தனியாக மீட்டினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். அதை வாங்கி மண்டபம் முழுக்கப் பரிமாறுகிற பெட்டிதான் ஆம்ப். தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம், எனக்கே போன மாதம்தான் தெரியும்.

அந்தப் பெரிய ஆம்புக்கு அக்கா வைத்த பெயர் பெரியவர். அவர் பேசினால் வீடே எழுந்து உட்காரும். பேசாத நேரத்தில் அக்கா அவர் தலையில் போர்வையை விரித்து இஸ்திரி போடுவாள். கச்சேரி நாளில் மூன்று மாடி இறங்கி வண்டியேறுவார். அவர் ஏறிவிட்டால் பாடகர் டிரம்மரின் மடியில் உட்காராத குறைதான். பாடகருக்கு முட்டிவலி, அக்காவுக்கு இடுப்புவலி, தங்கச்சிக்கு இரண்டும். கடைசியில் தங்கச்சியே சொல்லிவிட்டாள்.

"போதும்க்கா. சின்னதா ஒண்ணு வாங்கிடறேன்."

"இவரை?"

"வித்துடலாமா?"

"நல்லாருக்கே. எனக்கு இஸ்திரி போட உயரம் இப்பத்தான் கரெக்டா அமைஞ்சிருக்கு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

3

கடையில் என்ன நடந்தது என்று விஸ்தாரமாக எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கையால் தூக்கிவிடலாம் போல ஒரு ஆம்ப் இருந்தது. அதில் மூன்று குமிழ்கள்: அடி ஒலிக்கு ஒன்று, நடு ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று. தங்கச்சி அடியை ஏற்றினாள், மேலையும் ஏற்றினாள், நடுவை அறவே குறைத்தாள். ஒரு தந்தியைத் தொட்டாள். வெல்லப்பாகு மாதிரி ஓர் ஒலி வந்தது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள், இன்னும் இனித்தது. குமிழ்கள் நகர்ந்துவிடக் கூடாது என்று மேலே ஒட்டுக்காகிதம் ஒட்டி, புது ஆம்புக்குச் சின்னவன் என்று பெயரும் வைத்தாள்.

மேடையில் சின்னவன் காணாமல் போனான்.

டிரம்ஸ் அடி விழுந்ததும், கீபோர்டு ஆரம்பித்ததும், பாடகர் வாயைத் திறந்ததும் அந்த வெல்லப்பாகு போன இடம் தெரியவில்லை. ஒலியை எவ்வளவு கூட்டினாலும் மேடைப் பலகைதான் அதிர்ந்தது. உப்பில்லாத குழம்பு மாதிரி, என்ன குறைகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ குறைந்தது.

4

[இங்கே ஒரு வில்லன் தேவை.]

கீபோர்டு வாசிக்கும் மாஸ்டரை வில்லனாக்கலாம் என்று நினைத்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை. தங்கச்சியின் ஒலி கேட்காமல் பாட்டு அந்தரத்தில் நின்றபோது, சத்தம் காட்டாமல் தன் இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்குக் கொண்டுபோய் அவள் பாகத்தையும் சேர்த்து வாசித்தவர் அவர். அடுத்தடுத்த கச்சேரிகளிலும் வாசித்தார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.

ஒருநாள் கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. பக்கத்துல நிக்கற எங்களுக்கே நீ வாசிக்கறது கேக்கலை. நானும் எத்தனை நாளைக்கு இடது கையால ஒப்பேத்தறது? சனிக்கிழமை கம்பெனி விழா இருக்கு. அதுலயும் இப்படித்தான்னா, அப்புறம் பேஸையும் நானே பாத்துக்கறேன்மா."

"பெரியவரையே திரும்பக் கொண்டு வரட்டுமா, மாஸ்டர்?"

"அவருக்கு வண்டில இடமில்லையே."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடம். இந்த இடத்தில் அவளை ஒரு பக்கம் முழுக்க அழவைத்திருந்தேன், அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. ஆனால் பயந்தாள். டிரம்ஸ் அடி விழுகிற அதே கணத்தில் தன் விரலும் விழுவதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். அது கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான் பயம்.

5

மறுநாள் காலை. அக்காவுக்கு அவசரத் தையல். மிஷின் பறந்துகொண்டிருந்தது.

"ஏய், ஏன் நிறுத்திட்டே?"

"நிறுத்தலையே. வாசிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா மிஷினை நிறுத்தினாள். வெல்லப்பாகு வழிந்தது. மிஷினை ஓட்டினாள். ஒன்றுமில்லை.

"இதென்னடி கூத்து? பெரியவர்ல வாசிச்சா மிஷின் ஓடினாலும் கேக்குமே."

தங்கச்சி சின்னவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒட்டுக்காகிதத்தைக் கிழித்தாள்.

"மிஷினை ஓட்டுக்கா. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

அடிக்குமிழை ஏற்றினாள், சுவர் அதிர்ந்தது (என் டம்ளர்களும்), ஒலி தெளியவில்லை. அடியைக் குறைத்தாள். இத்தனை நாள் மூலையில் உட்காரவைத்திருந்த நடுக்குமிழை மெல்லத் திருப்பினாள். பாதி தாண்டியதும், மிஷின் சத்தத்தின் நடுவிலிருந்து தன் விரல் தனக்கே கேட்டது. மிஷின் நின்றது.

"ஐயே, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்குடி."

"நீ ஓட்டு."

"இப்ப நல்லாருக்கு."

அவ்வளவுதான், அக்காவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மின்விசிறியைச் சுழலவிட்டாள், குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டாம் முறையாகச் சண்டைக்கு வந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "சும்மாதானே நிக்கறீங்க, அந்த மிக்ஸியைக் கொஞ்சம் ஓட்டுங்க" என்றாள். ஓட்டினேன். அத்தனை இரைச்சலிலும் தங்கச்சியின் ஒலி ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். தனியாகக் கேட்டுத் தனியாக அலங்காரம் செய்துவிட்டு, கூட்டத்தில் எடுபடவில்லையே என்று தவித்திருக்கிறோமே என்று அவளுக்கு அவள் மேலேயே சிரிப்பு.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மிக்ஸி ஓட்டியது எதிர்வீட்டு டீச்சர். நான் கீழே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அந்தத் தேன் வழியும் வரியை எங்கே செருகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கதையில் எனக்கும் ஒரு வேலை வேண்டாமா?)

6

முடிவு ஒன்று: மாஸ்டர் மனம் மாறவில்லை, தங்கச்சி கிட்டாரை உறையில் போட்டு
இதை எழுதிய அன்று அக்கா படியில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தாள். எனக்குக் குற்றவுணர்ச்சியாகப் போய்விட்டது. கிழித்தேன்.

முடிவு இரண்டு: மேடையில் சின்னவன் புகைந்துபோக, பெரியவர் ஊர்வலமாக வந்து மானத்தைக் காப்பாற்றுகிறார். கைதட்டல் நிச்சயம். ஆனால் அவரை மறுபடி யார் இறக்குவது? நான்தான் இறக்க வேண்டியிருக்கும். வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை, விழா மண்டபம். கூட்டம் வருமுன் ஒவ்வொருவராக வாசித்துப் பார்த்தார்கள். தங்கச்சி தொட்டதும் மாஸ்டர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, மூக்கால பேசுது?"

அவள் கை தானாகக் குமிழுக்குப் போனது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் சேந்து வாசிக்கறப்ப கேளுங்க, மாஸ்டர்."

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேஸ் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் பாட்டு முடிந்தது. கை எழும்பவில்லை. தங்கச்சி கிட்டாரோடு மேடை விளிம்புக்கு வந்தாள். எட்டிப் பார்த்தால், அக்கா பக்கத்து நாற்காலிப் பெண்ணின் சட்டையில் தையல் பிரிந்திருப்பதை அவளிடமே விளக்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது பாட்டில் அந்த விளக்கம் பாதியில் நின்றது. அக்காவின் தலை ஆடியது, பாதம் தாளம் போட்டது. கையைத் தூக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

தங்கச்சி மாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவருடைய வலது கை பாட்டின் மெட்டில் இருந்தது. இடது கை, வழக்கம்போலக் கீழ்க்கட்டைகளில், அவளுடைய பாகத்தை வாசித்துக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். டிரம்மரைப் பார்த்தார். டிரம்மர் பல் தெரியச் சிரித்தார்.

கடைசி வரிக்கு என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) மாலை வெயில் தேனாய் வழிய, நாதத்தின் கருவறையிலிருந்து அவள் மீண்டும் பிறந்தாள்.

(ஆ) மாஸ்டர் இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நிதானமாகக் குடித்தார்.

நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து வேண்டாம். மின்விசிறி ஓடட்டும், ஒருவர் பாத்திரம் கழுவட்டும், இன்னொருவர் போனில் கத்தட்டும். நடுவில் நின்றுகொண்டு இரண்டையும் உரக்கப் படியுங்கள். எந்த வரி கேட்டு அடுத்த அறையிலிருந்து ஒருவர், "அப்புறம்?" என்கிறாரோ, அதுதான் முடிவு.

எனக்கு இப்போது நேரமில்லை. மேலே ஆரம்பித்துவிட்டார்கள். டம்ளர்களுக்கு நடுவே செருகிய துணிகளை உருவிவிட்டு வர வேண்டும்.