மனை மாறிய வீடுகள்

மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், படிக்கத் தனி இடம் வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி வாங்குவதற்குமுன் மனையை அளந்தாக வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமை காலை சர்வேயர் வந்தார். தெருமுனைக் கல்லிலிருந்து நாடாவை இழுத்துக்கொண்டு வந்தவர், அவள் வீட்டு வாசலில் நின்று பத்திரத்தைப் பார்த்தார்; திரும்பவும் முனைக்கே போய் அளந்துகொண்டு வந்தார்.

"உங்க பத்திரம் பதினாலாம் மனைக்கும்மா. நீங்க இருக்கிறது பதினஞ்சு."

பதினான்கு என்பது பக்கத்து வீடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மனை விற்றவன் இரண்டு கல்லையும் மாற்றி நட்டிருக்கிறான். இரண்டு குடும்பமும் வெள்ளந்தியாக அவரவர் கல்லைப் பார்த்து வீடு கட்டிக் குடியேறிவிட்டன.

"அப்போ இத்தனை வருஷமா அவங்க வீட்டையா பெருக்கிக்கிட்டு இருந்தேன்?" என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்பு. அம்மா பத்திரத்தை வாங்கி எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரண்டு மனையையும் மாற்றிக்கொண்டதாகப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று சர்வேயர் சொன்னார். ஆனால் அதற்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷமாகிறது.

இவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் தங்கள் பக்கம் வழிகிறது என்று பக்கத்து வீட்டு வெல்டரின் மனைவி கேட்கப்போய், வார்த்தை தடித்து, இவள்தான் அதிகமாகப் பேசிவிட்டாள். போன வருஷம் அந்த அம்மாள் இறந்துபோனாள். இப்போது வெல்டர் தனியாகத்தான் இருக்கிறார். பேருந்து ஓட்டும் கணவரைத் தூது போகச் சொல்லிப் பார்த்தாள். சண்டை போட்டது நீ, சமாதானத்துக்கு மட்டும் நானா என்று அவர் நழுவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே போனாள். வெல்டர் கதவைத் திறந்து, அவள் நீட்டிய தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தவர், தாளைப் பற்றிப் பேசவில்லை.

"அவ போன அன்னைக்கு நீங்க கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன்."

"உள்ள வரத் தைரியம் வரலைண்ணே."

"உக்காருங்க," என்றார் அவர். தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, "பத்திரப்படி பார்த்தா அந்தத் தண்ணி உங்க இடத்துலதான் விழுந்திருக்கு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்கலாமா என்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றே ஒன்று கேட்டார்: மாடிப்படி அவர் படுக்கையறைச் சுவரை ஒட்டி வரக்கூடாது. காலடிச் சத்தத்தில் தூக்கம் கெடும். அவள் ஒப்புக்கொண்டாள்.

பத்திர அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கணவருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. மனை அவள் பேரில் இருந்ததால் வேலை நிற்கவில்லை. மரப் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, பொழுது போகாமல் வெல்டர் மனைவியின் நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். காய்ச்சல் என்று ஆரம்பித்தது, பிறகு ரத்தத்தில் கோளாறு என்றார்கள், வாரம் ஒருமுறை பரிசோதனை.

"உங்க லேப்லதான் குடுத்தோம்."

"தெரியும்ணே. ட்யூப்ல பேர் பார்த்தேன்."

அவர் முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்கதான் பார்த்தீங்களா?"

அவள் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். முதல் குழாய் வந்த அன்றே எண்கள் சொல்லிவிட்டன. வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் எந்த முகத்தோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள்? நான்கு மாதம் வேலி ஓரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போய்வந்தாள். இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன். மெஷின்ல தப்பு இருக்கக்கூடாதான்னு. ஒரு தடவைகூட இல்ல."

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். அவர் போகவில்லை. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரோ எவரோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரிஞ்ச கைதான் பார்த்திருக்கு" என்றார்.

"அக்காகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே."

"அவளும் சும்மாவா இருந்தா? ஒண்ணுக்கு ரெண்டாத்தான் குடுத்தா," என்றார் வெல்டர்.

உள்ளே அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து உறவா என்று கேட்டார். பக்கத்து வீடு என்றாள் அவள். ஒவ்வொரு தாளிலும் விரல் ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெல்டருடைய பழைய வேனிலேயே வீடு திரும்பினார்கள்.