சாக்பீஸ் வெயில்

...இன்னும் இரண்டு நிமிடம் பார்க்கலாம், பனிதான் காரணமாக இருக்கும், பக்கத்து வயலின் மோட்டார் கொட்டகையையே காணோம், அதை மறைத்த பனிக்கு வெயிலை மறைப்பதா பெரிய வேலை என்று சிந்துஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி ஆறு ஐம்பத்தெட்டு. வெயில் வந்திருக்க வேண்டியது ஆறு ஐம்பத்தைந்துக்கு. இன்னும் கூரை போடாத சமையலறையின் நடுவில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தாள், நேற்று மாலை அவளே சாக்பீஸால் போட்டு வைத்த கட்டம், ஒரு ஆள் முகத்துக்கு நேர் உயரத்தில், காலியாக. கிழக்கு ஜன்னலுக்கு விட்ட திறப்பு வழியாக முதல் வெயில் படுக்கையாக வந்து அந்தக் கட்டத்துக்குள் பிசகாமல் உட்காரும், அப்படித்தான் கணக்கு சொன்னது. கணக்கு அவளுடையது. வீடுகளுக்கு பிளான் போடும் கீதாஞ்சலி அக்காவின் ஸ்டுடியோவில் சேர்ந்த ஏழு மாதத்தில் முழுதாக அவளுடையது என்று சொல்ல இந்த ஒரு கட்டம்தான்... பிசிக்ஸ் படிச்ச பொண்ணுக்கு வீடு கட்டற எடத்துல என்ன வேலை என்று அப்பா கேட்டபோது வெயிலை அளக்கிற வேலை என்று சொல்ல வாய் வரவில்லை, சும்மா கம்ப்யூட்டர் வேலை என்றாள். வேங்கிக்காலில் அந்த ஸ்டுடியோவே ஒரு தினுசு, பகலில் லைட் போடக்கூடாது, ஏசி என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை, தோண்டிய மண்ணிலேயே கல் அறுத்து அந்த மண்ணிலேயே சுவர் எழுப்பு என்பார் அக்கா. இந்தச் சுவரும் அப்படித்தான், தடவினால் ஈரமாக, மழை பெய்து ஓய்ந்த வாசனையாக, உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு...

அருணாதேவி முதல் நாள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபது வருஷமாக டியூப் லைட் வெளிச்சம், குடியிருப்பது நாலு பக்கமும் சுவர் நெருக்கிய போர்ஷன், காலையில காபி போடும்போது மூஞ்சில வெயில் படணும், அவ்ளோதாங்க என்றார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய மனை, முன்பக்கம் கடை வைத்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அள்ளும் என்று அவருடைய அண்ணன் ராமகிருஷ்ணன் ஒற்றைக்காலில் நின்றார். கடை வந்தால் சமையலறை பின்னுக்குப் போய்விடும். அப்போது அருணாதேவி சிந்துஜாவின் பக்கம் திரும்பி, வெயில் கண்டிப்பா வருமாம்மா என்று கேட்டார், வரும்க்கா என்று அவள் சொன்னாள், மூன்று பேர் எதிரில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாள் அண்ணனை முதல் தடவையாக எதிர்த்தார், அண்ணன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாளைக்கு ஜன்னல்களுக்கு மேல் லிண்டல் கான்கிரீட். போட்டுவிட்டால் திறப்பு திறப்புதான், சுவர் சுவர்தான்.

ஏழு பத்து. அருணாதேவி வந்துவிட்டார், வெள்ளைப் புடவை, தோளில் டிபன் பை, எட்டு மணி டூட்டி, ஏழு இருபதுக்கு பஸ். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்தார், சிமெண்ட் தரைக்கு யார் செருப்பைக் கழற்றுவார்கள்... இதுதானா என்று கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதன் முன்னால் போய், முகம் சரியாகக் கட்டத்துக்குள் வரும்படி, குதிகாலை ஒட்டிவைத்து, போட்டோ எடுக்க நிற்பதுபோல ஜன்னலைப் பார்த்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். சிந்துஜா ஜன்னலைப் பார்த்தாள். பனி கலையட்டும், இப்போது கலையும், பால் ஆடை ஒதுங்குகிற மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, கொட்டகை தெரிகிறது, கரும்பு தெரிகிறது, அதன் பின்னால் நீலமாக ஒன்று, மேகமா, இல்லை, மேகத்துக்கு இவ்வளவு கனம் ஏது... ஜன்னல் திறப்பின் அகலம் முழுக்க, கீழிருந்து முக்கால் உயரம் வரை, மலை.

மலை. கம்ப்யூட்டரில் பக்கத்து வீட்டு மாடியைச் சேர்த்தாள், தண்ணீர் டேங்கைச் சேர்த்தாள், ஒற்றைத் தென்னையைக்கூட அளந்து சேர்த்தாள். மலையைச் சேர்க்கவில்லை. மறந்தாளா? நேற்று மாலை இங்கிருந்து கிளம்பும்போதுகூட அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே... பிறந்தது வளர்ந்தது கோயிலுக்குக் கிழக்கே, டவுனில், அங்கே மலை சாயங்காலத்துக்கு உரியது, சூரியன் போய் விழுகிற இடம், காலை என்றால் திறந்த வெளி. மலைக்கு இந்த மேற்குப் பக்கமும் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மலை காலையில் நிற்கிறது என்று அவள் உடம்புக்குத் தெரியவே இல்லை. இத்தனைக்கும் எத்தனை பௌர்ணமிக்குச் சுற்றியிருக்கிறாள்.

மேஸ்திரி வேடியப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அந்த அம்மாள் நிற்பதையும் இவள் நிற்பதையும் பார்த்தார். இந்த ஊர்க்காரர். வெயில் எத்தனை மணிக்கு வரும் மேஸ்திரி என்று அவள் மெல்லக் கேட்டாள். தை மாசத்துல ஏழே முக்கால் ஆயிடும்மா, மலை ஏறி வரணுமே என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துருப்பீங்கனு இருந்துட்டேன்மா" என்றார்.

அருணாதேவி கண்ணைத் திறந்தார். சொல்லாமல் இருக்கலாம், பனி என்று சொன்னால் நம்புவார், நாளைக்கு லிண்டல் போட்டபின் யாரும் கேட்கப்போவதில்லை, ஸ்டுடியோவிலும் தெரியாது...

"அக்கா, நான் மலைய விட்டுட்டேன்."

"எங்க விட்ட?" என்றார் அருணாதேவி. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தாரா, மூச்சு விட்டாரா, அவளுக்குப் புரியவில்லை. "எங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வெயில் வந்தது. ஏழு நாற்பத்தாறு. மலையின் விளிம்பில் ஒரு பொட்டு, பிறகு தாங்க முடியாத வெளிச்சம், ஜன்னல் வழியாகச் சரிந்து வந்து எதிர்ச்சுவரில் விழுந்தது, கட்டத்துக்குள் இல்லை, நன்றாகக் கீழே, முழங்கால் உயரத்துக்கு. இவ்வளவு நேரம் ஏறி வந்த சூரியன் உயரத்தில் இருக்கிறது, அதனால் வெயில் தாழ்ந்து விழுகிறது, சுலபமான கணக்கு. கீதாஞ்சலி அக்காவிடம் போனில் சொல்ல வேண்டும், என்ன சொல்வது, ஜன்னலை எங்கே நகர்த்தினாலும் மலை நகராது... கால் வலித்தது, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் பட்டது. சூடு கூட இல்லை, யாரோ கன்னத்தில் கை வைத்த மாதிரி. மேலே காலியான கட்டம். அதை நின்றுகொண்டிருக்கிற ஒருவருக்காகத்தான் போட்டிருந்தாள், ஏன், அருணாதேவி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை, ஸ்டுடியோவில்கூட நின்றேதான் பேசினார்... அந்த அம்மாள் உட்கார்ந்து காபி குடிப்பாரா? அதை யாரும் கேட்கவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள், முகத்தருகே சுவரில் வெயிலின் ஓரத்தைப் பிடித்துக் கோடு போட ஆரம்பித்தாள், போட்டு முடிப்பதற்குள் வெயில் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.