வாட்பொன்கேருக்கு ஒரு பூசை

பூசைக்கு முன், அது யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற கருத்துகளை வாசித்த இளம்பெண் ஜெசிக்கா, "இறந்த வாட்பொன்கேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றதும், ஞானேந்திரன் பக்கத்திலிருந்த சம்பந்தி றெஜானைப் பெருமையோடு பார்த்தார். அதுவரை தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த றெஜான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பின்வாங்கிலிருந்த அவருடைய தங்கையும் நிமிர்ந்தாள். மருமகள் ஜொவேல், மடியிலிருந்த குழந்தையின் துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

அன்று பேத்திக்கு ஞானஸ்நானம். குடும்பப்பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மன்னாரில் தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு தலைமுறை நடந்துவிட்டு நின்றுவிடும். இந்தப் பிரெஞ்சு பேசும் ஊரில் அப்படியில்லை. மகன் றொக்சனுக்குப் பின்னால் நிற்கும் 'ஞானேந்திரன்' பேத்திக்கும், அவள் பிள்ளைகளுக்கும் போகலாம். இந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸின் கண்ணாடியோடு மட்டும் கதைத்திருக்கிறார். சம்பந்தியின் மனதை இளக்கத்தான் இந்தப் பூசை.

கோயில் மண்டபத்தில், பொரித்த ரோல்ஸ் தட்டைச் சுற்றி இருந்தபோது றொக்சன் கேட்டான்.

"அப்பா, ஆருக்குப் பூசை குடுத்தனீங்கள்?"

"சம்பந்தியின்ர தேப்பனுக்கு. அவற்ற பேர்தானே இவருக்குப் பின்னால கிடக்கு?"

"ஐயோ அப்பா! தேப்பன்ர பேர் அர்மான். வாட்பொன்கேர் குடும்பப்பேர். அப்பிடியெண்டால் இவர், இவற்ற தங்கச்சி, என்ர மனிசி எல்லாரும். உயிரோட இருக்கிற மூண்டு பேருக்கும் சேர்த்து இளைப்பாற்றி குடுத்திட்டியள்!"

ஞானேந்திரனுக்குக் காது சூடாகியது. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அவரோடு திறம்பிளே என்ற பெயரைப் பின்னால் கொண்ட மூன்று பேர் வேலை செய்தார்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று நினைத்து, திறம்பிளே ஐயா சுகமா என்று மூவரிடமும் வருடக்கணக்காக விசாரித்திருக்கிறார். அவர்களும் சுகம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

விஷயம் விளங்கியதும் றெஜான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை றொக்சன் தமிழாக்கினான்.

"தான் போய்ச்சேரேக்க திருப்பிப் பூசை குடுக்கத் தேவையில்லையாம், அட்வான்ஸா முடிஞ்சுதாம்."

பிறகு றெஜான் தன் பெயரின் கதையைச் சொன்னார். முன்னொரு காலம் கப்பலில் வந்த ஒரு பிரெஞ்சுச் சிப்பாய், எங்கே போகச் சொன்னாலும் சந்தோஷமாகப் போவானாம். நல்ல மனதோடு போகிறவன் என்று பிரெஞ்சில் கூட்டாளிகள் வைத்த பட்டம்தான் வாட்பொன்கேர். அவனில் தொடங்கியது. அந்தப் பெயரைச் சுமக்கும் ஆண்களில் தான்தான் கடைசியாம். அதைச் சொல்லிவிட்டு அவர் ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

ஞானேந்திரன் தன் தகப்பன் சூசைமுத்துவை நினைத்தார். இந்த மண்டபத்தில் அந்தப் பெயரை யார் சுமக்கிறார்கள்? தன் பெயருக்கு முன்னால் ஒரு ஒற்றை எழுத்தாக நிற்கிறது, அவ்வளவுதான். இதுவரை அது அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

"அப்பா, பிள்ளைக்கு ரெண்டு குடும்பப்பேரையும் வைப்பம் எண்டு யோசிக்கிறம்," என்றான் றொக்சன். அதையே மாமனாரிடம் பிரெஞ்சிலும் சொன்னான். "எது முன்னுக்கு வாறது?"

பஸ்ஸில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த பதிலை விட்டுவிட்டு, ஞானேந்திரன் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒரேயொரு ரோல்ஸ் மிஞ்சியிருந்தது. அவர் தட்டைச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார். றெஜான் தலையாட்டிவிட்டு இவர் பக்கம் தள்ளினார். இவர் மறுபடி தள்ளினார். இருவருக்கும் நடுவே, மேசையில், தட்டு வழுக்கி வழுக்கிப் போய்வந்துகொண்டிருந்தது. ஜொவேலின் தோளிலிருந்து விழித்துக்கொண்ட குழந்தை, கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.