ரொட்டிக்கடைப் படத்தின் முடிவு

டிக்கெட்டக்காவுக்கு எந்தப் படத்தின் தொடக்கமும் தெரியாது. முப்பத்தோரு வருஷம் தியேட்டர் கவுண்டருக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள்தான். ஆனால் ஆடி அசைந்து வருகிற மகராசன்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் உள்ளே நுழையும்போது கதாநாயகனுக்குக் காதலே வந்திருக்கும். விட்டுப்போன கதையை டார்ச் அடித்து இடம் காட்டுகிறவரிடம் கேட்டுக்கொள்வாள். அந்த மனுஷன் சொல்வதில் பாதி சொந்தச் சரக்கு.

முடிவு மட்டும் அவளுக்கு அத்துப்படி. நூறு நாள் ஓடிய படம் என்றால் முடிவை நூறு தடவை பார்த்திருப்பாள். சண்டைப் படம் அவளுக்கு ஆகாது. பத்து பேர் சேர்ந்து அடித்தால் ஒருத்தன் எழுந்திருக்கக் கூடாது, அதுதானே நியாயம் என்பாள். பேய்ப் படத்துக்குச் சிரிப்பாள். அவள் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு படத்தின் மேல், அந்த ரொட்டிக்கடைப் படம்.

அந்தப் படத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு மகள் வந்து நின்றபோது அவள் காதில் விழாத மாதிரி அரிசி புடைத்தாள்.

"பழைய படத்தையெல்லாம் பளிச்சுனு புதுப்பிச்சுப் போடறாங்கம்மா. ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி. உனக்கும் அப்பாவுக்கும் எடுத்துட்டேன்" என்றாள் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா அப்பாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து வம்பை விலைக்கு வாங்கி வருவதில் கெட்டிக்காரி.

"உங்கப்பாவுக்கு முட்டி வலி. ரெண்டரை மணி நேரம் உட்கார முடியாது."

"எனக்கா? யார் சொன்னது?" என்று கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது. ஒரு பழைய பம்ப்செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், கையில் கிரீஸோடு உள்ளே வந்தார். "போலாம் டிக்கெட்டு. நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையே."

பார்க்க விட்டால்தானே பார்ப்பார்! நாற்பத்து மூன்று வருஷமாக அவள் படாத பாடு பட்டல்லவா தடுத்து வைத்திருக்கிறாள். டிவியில் அந்தப் படம் வந்தால் அன்றைக்கென்று தலைவலி வரும். ஊரில் மறுபடி ஓடினால் அந்த வாரம் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போயாக வேண்டும்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி எட்டாவது மாசம் எல்லையில் சண்டை மூண்டது. ராணுவ லாரி மெக்கானிக்காக இருந்த அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். படப் பைத்தியம் அவர். போன இடத்திலிருந்து முதல் கடிதத்திலேயே, 'குண்டுகூடப் பரவாயில்லை, படம் இல்லாமல்தான் கை கால் ஓடவில்லை. என்ன ஓடுகிறது? கதையை விடாமல் எழுது' என்று எழுதிவிட்டார். ஒரு உறையில் இரண்டு தாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். இரண்டு தாளில் எந்தப் படம் அடங்கும்? அதனால் ஒரு படத்தை ஐந்து கடிதமாக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு அனுப்பினாள். மூன்றாவது கடிதத்தின் அடியில் கொட்டை எழுத்தில் 'இடைவேளை' என்று எழுதி, இரண்டு கோடும் போடுவாள். நடுநடுவே, நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், பயமே இல்லை என்றும் எழுதுவாள்.

அப்படி அவள் எழுதிய படங்கள் ஆறு. ஐந்தை ஒழுங்காகத்தான் எழுதினாள். ஆறாவது இந்த ரொட்டிக்கடைப் படம். ரொட்டி சுடுகிறவன் சண்டைக்குப் போகிறான். கட்டிக்கொள்ளப் போகிறவள் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் சண்டை முடிந்து, கடை வாசலில் நீளமாக வரிசை. தலை நிமிராமல் "எத்தனை?" என்று கேட்கிறாள். பதில் இல்லை. நிமிர்ந்தால், அவனுடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிநேகிதன் நிற்கிறான்.

எழுதக் கை வருமா? புருஷன் போர்முனையில் கிடக்கிறான். இவள் இங்கே உட்கார்ந்துகொண்டு, 'கடைசியில் அவன் செத்துப்போனான், இப்படிக்கு உங்கள் அன்பு மனைவி' என்றா எழுதுவாள்? மாற்றி எழுதினாள். நிமிர்ந்தால் அவனே நிற்கிறான். எல்லாரையும் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "ரெண்டு, சூடா" என்கிறான். எழுதி முடித்து அவளே அழுதாள்.

சின்னப் பொய்தான். ஆனால் அந்தக் கடிதங்களை அவர் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில், துணியில் சுற்றிக் கண்ணாகக் காப்பாற்றி வந்தார். அதில் ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றதை என்னவென்று நினைப்பார்? நன்றாகச் சாப்பிட்டேன், பயமே இல்லை என்பதையெல்லாம்? அது மட்டும் மெய்யா என்ன! கவுண்டர் ஜன்னலில் தந்திக்காரன் மாதிரி எவன் தலை தெரிந்தாலும் மீதிச் சில்லறையைக் கொடுக்க மறந்துபோன நாட்கள் அவை.

சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தாள். அந்த ஐந்தாவது கடிதத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டால், நான் அப்படி எழுதவே இல்லை, உங்களுக்குத்தான் மறதி என்று சாதித்துவிடலாம். ஆம்பளைகளுக்கு மறதி என்றால் நம்பிவிடுவார்கள். ரொட்டிக்கடைக் கடிதங்களைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு, இடைவேளை, நான்கு. ஐந்தைக் காணோம். மற்ற கட்டுகளிலும் இல்லை.

போச்சுடா சாமி! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். மறுநாள் தியேட்டருக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப்பையில் ஏதோ மடித்த காகிதம் தெரிந்தது. மருந்துச் சீட்டாக இருக்கக் கூடாதா என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டாள்.

தியேட்டரில் இருபது பேர்கூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் படத்தின் தொடக்கத்தைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இடைவேளையில், "தலை சுத்துதுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ டிக்கெட்டு" என்றார் அவர். எப்போதும் அவள் தும்மினாலே துடிக்கிற மனுஷன், அன்றைக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. வரிசை நகர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எத்தனை?" என்ற குரல் கேட்டது. பிறகு அந்தப் பாழாய்ப்போன மௌனம்.

விளக்குப் போட்டதும் பயந்து பயந்து திரும்பினாள். அவர் கோபப்படவில்லை. அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாளாய் அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, நான் வேணும்னு செய்யலைங்க."

"நீ என்ன செஞ்சே? நான்தான் மீசைகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

மீசை என்பது அவர் முகாமில் வயர்லெஸ் பார்த்தவர். நல்ல மனுஷன், போர்முனையிலேயே போய்விட்டார் என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் இவர் சொன்னதில்லை.

"உன் கடுதாசியை எல்லாருக்கும் நான்தான் படிச்சுக் காட்டுவேன். மீசைக்குப் படம்னாலே பிடிக்காது, ஆனா இந்த ரொட்டிக்கடையில அப்படியே சொக்கிட்டான். நாலாவது கடுதாசி வந்துச்சு. அஞ்சாவது வரலை. அதுக்குள்ள அவனுக்கு வயித்துல அடிபட்டுடுச்சு. லாரியில போட்டு நான்தான் ஓட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் கேக்கறான், 'ரொட்டிக்காரன் வந்தானாடா, வந்தானாடா'ன்னு. 'வந்துட்டான்டா, அஞ்சாவது கடுதாசி நேத்தே வந்துச்சு, கல்யாணம் ஆகி மூணு பிள்ளைங்க'ன்னு அடிச்சு விட்டேன். சிரிச்சான். அப்புறம் கேக்கலை."

"அஞ்சாவது வரவே இல்லையா?"

"வரலை. உன்கிட்டக் கேக்கவும் பயம். செத்துட்டான்னு நீ சொல்லிட்டா? அதான் இத்தனை வருஷம் இந்தப் படத்துப் பக்கமே போகலை. நல்லவேளையா உனக்கும் அப்பப்போ தலைவலி வந்துச்சு." மூக்கைச் சிந்தினார். "இப்போ எனக்கும் வயசாச்சு. மேல போனா முதல் ஆளா வந்து கேப்பான்ல, உண்மையைச் சொல்லுடான்னு. தெரிஞ்சுக்கிட்டாவது போலாம்னு வந்தேன்."

டிக்கெட்டக்கா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். எந்தப் பொய்யை மறைக்க நாற்பத்து மூன்று வருஷம் தலைவலியை வரவழைத்தாளோ, அதைச் சொல்ல இப்போது வாய் துடித்தது.

"நீங்க பொய் சொல்லலைங்க. அஞ்சாவது கடுதாசியில அவன் வந்துட்டான்."

அவர் அவளையே பார்த்தார்.

"சத்தியமா. நான்தான் மாத்தி எழுதினேன். உங்களை அங்க விட்டுட்டு, செத்துட்டான்னு எழுத எனக்கு மனசு வரலை. அது உங்க கைக்கு வந்திருந்தாலும் மீசையண்ணனுக்கு நீங்க அதைத்தான் படிச்சுக் காட்டியிருப்பீங்க. மூணு பிள்ளைங்க மட்டும்தான் உங்க கைச்சரக்கு."

துடைப்பத்தோடு வந்த பெண்மணி இவர்களைப் பார்த்துவிட்டு, முன்வரிசையிலிருந்து பெருக்கத் தொடங்கினாள். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கூடவே மருந்துச் சீட்டு கீழே விழுந்தது.

"சொல்லு" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீ எழுதினது எப்படியோ அப்படியே சொல்லு."

"கடை வாசல்ல வரிசை நிக்குது" என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அவ தலை நிமிராம..."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு டிக்கெட்டு" என்றார் அவர். "குண்டுச் சத்தத்துல மீசைக்கு ஒரு காது போயிடுச்சு."